ஜடேஜா என்றால் யார்? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் கிரிக்கெட் வீரர்களின் பெயர்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பெயரைச் சுற்றியே இருந்தன. வங்கி வேலையில் மாற்றலாகிப் பல வருஷம் ஜாம்நகரில் இருந்தவள் என்பதால் எனக்கும் அந்தப் பெயர் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: ரவீந்திர ஜடேஜா பெயரில் உள்ள 'ஜடேஜா' அவருடைய அப்பா பெயரா, ஊர்ப் பெயரா, சாதிப் பெயரா? அஜய் ஜடேஜாவும் இவரும் அண்ணன் தம்பி முறையா?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

மூன்றும் இல்லை, தம்பி. அது குலப் பெயர். குஜராத்தில் ராஜபுத்திரர்களுக்குள் பல குலங்கள் உண்டு: ஜாலா, கோஹில், வாகேலா, சோலங்கி, ஜேட்வா, சூடாசமா. அவற்றில் ஒன்று ஜடேஜா. நம் பத்திரிகைகள் 'ஜடேஜா' என்று எழுதினாலும் அந்த ஊரில் முதல் எழுத்தை நீட்டி 'ஜாடேஜா' என்றுதான் சொல்வார்கள். அந்த நெடிலில்தான் பெயரின் பொருளே இருக்கிறது.

சிந்துப் பகுதியில் சம்மா என்றொரு குலம் இருந்தது. அதன் தலைவர்களுக்கு 'ஜாம்' என்று பட்டம். அவர்களில் ஒருவர் ஜாம் ஜாடா. சிந்தி மொழியிலும், கட்ச் பகுதியில் பேசும் 'கட்சி' மொழியிலும் 'ஜோ, ஜா, ஜி' என்றால் நம் 'உடைய' மாதிரி. மொகஞ்சதாரோ என்று பள்ளிக்கூடத்தில் படித்தீர்களே, அதன் நடுவில் இருப்பதும் இதே 'ஜோ'தான். இறந்தவர்களின் மேடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆக, ஜாடேஜா என்றால் ஜாடாவினுடையவர்கள், ஜாடாவின் வழி வந்தவர்கள். சிந்தியில் இதையே இன்னொரு விதமாகவும் சொல்வார்கள், கடைசியில் 'ஆணி' சேர்த்து. அத்வானி, கிருபளானி எல்லாம் அப்படி வந்த பெயர்கள். ஜாடாவின் வளர்ப்பு மகன் லாகோவை 'லாகோ ஜாடாணி' என்றே கட்ச் மரபு குறிப்பிடுகிறது. அவருக்கு முன்னால் கட்சை ஆண்ட இன்னொரு லாகோ இருந்தார். பூல் என்பவரின் மகன், அதனால் 'லாகோ பூலாணி'. ஒரே பெயரில் இரண்டு ராஜா வந்தால் அப்பா பெயரை வைத்துப் பிரித்துச் சொல்லத்தானே வேண்டும்?

இந்த லாகோ ஜாடாணி 1147 வாக்கில் சிந்துவிலிருந்து கட்சுக்கு வந்தார் என்பது பரம்பரைக் கணக்கு. இரட்டைப் பிறவியான சகோதரன் லாகியாரின் பெயரால் லாகியார்வீரோ என்ற தலைநகரை ஏற்படுத்தினாராம். அதற்கு அப்புறம் சில நூறு வருஷத்துக்குப் பங்காளிச் சண்டைதான். 16-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் கதை தெளிவாகிறது. ஜாம் ராவல் என்பவர் தன் பங்காளி ஹமீர்ஜியைக் கொன்றார். ஹமீர்ஜியின் மகன் கெங்கார்ஜி வளர்ந்து வந்து ராவலைத் துரத்தினார். ராவல் கட்ச் வளைகுடாவைத் தாண்டி இந்தப் பக்கம் சௌராஷ்டிரத்துக்கு வந்து, ரங்மதி, நாக்மதி ஆறுகள் சேரும் இடத்தில் 1540-இல் ஒரு புது நகரம் கட்டினார். அதுதான் நவாநகர், இப்போதைய ஜாம்நகர். கெங்கார்ஜி 1549-இல் கட்சில் உள்ள புஜ் நகரைத் தலைநகராக்கினார். கட்சில் ஒரு கிளை, நவாநகரில் ஒரு கிளை. பிறகு ராஜ்கோட், கோண்டல், மோர்பி, த்ரோல் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பிரிந்தார்கள். 'ஜாம்' என்ற சிந்துப் பட்டம் மட்டும் நவாநகர் அரசரோடு தங்கிவிட்டது. இன்றும் அவரை ஜாம் சாகேப் என்றுதான் சொல்கிறார்கள்.

ஜடேஜாக்கள் தங்களை யது குலத்தவர், கிருஷ்ணனின் மகன் சாம்பனின் வழி என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவர்களின் நம்பிக்கை, அதை மதிக்கிறேன். ஆனால் வரலாற்றில் கையால் பிடிக்கக்கூடிய வேர் சம்மா குலம்தான். சிந்துவில் இருந்த சம்மாக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். 14-ஆம் நூற்றாண்டு முதல் 1520-கள் வரை சிந்துவின் தட்டா நகரிலிருந்து ஆண்டார்கள். கட்சில் 'பன்னி' என்று பெயர் கொண்ட புல்வெளியில் ஆடு மாடு மேய்க்கும் முஸ்லிம்களிலும் சம்மாக்கள் இருக்கிறார்கள். ஒரே வேர், இரண்டு மதம். இந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிற எவரும் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி.

அஜய், ரவீந்திரா விஷயம். இருவரும் ஜாம்நகர் பக்கத்தவர்கள், ஒரே குலம். அஜய் நவாநகர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 2024-இல் அவரைத் தன் வாரிசாக ஜாம் சாகேப் அறிவித்தார். ரவீந்திராவின் தாய் செவிலியர். தந்தை காவலாளி வேலை பார்த்தவர். இதில்தான் குலப் பெயரின் குணம் தெரிகிறது. அரண்மனையில் இருப்பவருக்கும் குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கும் ஒரே பெயர். மூத்த மகனுக்கு அரியணை, இளைய மகன்களுக்குக் கிராமங்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கிராமத்தில் பங்கு, பேரன்களுக்குப் பங்கில் பங்கு என்று நிலம் கரைந்துகொண்டே போகும். பெயர் கரையாது. இப்படிப் பிரிந்த கிளையினரை 'பாயாத்' என்பார்கள், நம் 'பங்காளி'தான். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரையும் ஊரார் 'தர்பார்' என்றோ, 'பாபு' என்றோ (காந்தியை அழைத்த அதே சொல்) மரியாதையாகக் கூப்பிடுவார்கள். எங்கள் வங்கிக் கிளையில் லெட்ஜரைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஜடேஜாக்கள். கவுண்டரில் "ஜடேஜா" என்று கூப்பிட்டால் பெஞ்சிலிருந்து நாலைந்து பேர் எழுந்து வருவார்கள்.

இத்தனை தலைமுறை எப்படி நினைவில் நிற்கிறது என்று கேட்பீர்கள். அதற்கென்றே ஒரு சமூகம் இருக்கிறது. வஹிவஞ்சா பாரோட் என்று பெயர். வஹி என்றால் கணக்கு ஏடு, அதைப் படிப்பவர். என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்திருந்த அன்று நானும் போயிருந்தேன். சிவப்புத் துணி சுற்றிய நீளமான ஏடு. அதை மடியில் வைக்காமல் ஒரு பலகையில் வைத்து, குங்குமம் இட்டு, அப்புறம்தான் பிரித்தார். ஜாம் ராவலில் தொடங்கி, இன்னாருக்கு இன்னார், அவருக்கு இன்னார் என்று மூச்சு விடாமல் ராகம் போட்டுப் படித்துக்கொண்டு வந்து, அந்த வீட்டுக் குழந்தையிடம் நிறுத்தினார். பிறகு மைக்கூட்டைத் திறந்து குழந்தையின் பெயரை எழுதிச் சேர்த்தார். வீட்டுப் பெரியவர் அவருக்கு வேட்டியும் பணமும் வைத்துக் கொடுத்தார். அந்த ஏட்டை நான் எட்டிப் பார்த்தேன். மகன்களின் பெயர்கள் கிளை கிளையாக இறங்கின. மனைவியருக்கு அவர்கள் பிறந்த குலம் குறிக்கப்பட்டிருந்தது: ஜாலா வீட்டுப் பெண், கோஹில் வீட்டுப் பெண் என்று. நான் பார்த்த பக்கத்தில் மகள்கள் யாரும் இல்லை.

கிரிக்கெட் கேட்டவரிடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரஞ்சிக் கோப்பை யார் பெயரில் நடக்கிறதோ அந்த ரஞ்சித்சிங்ஜியும் ஜடேஜாதான். 1907 முதல் 1933-இல் இறக்கும் வரை நவாநகரின் ஜாம் சாகேப். அந்தக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் தேதி நம் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையும் மைசூரும் ஆடி, ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. நம் ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார்.

கேள்வி: ஜடேஜா குலத்தில் பெண் குழந்தைகளைக் கொல்லும் வழக்கம் இருந்ததாக ஒரு புத்தகத்தில் படித்தேன். உண்மையா? உண்மையென்றால் அந்தக் குலப் பெயரைப் பெருமையாக எழுதுவது சரியா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, குடியாத்தம்)

உண்மைதான் அம்மா. மேலே சொன்ன ஏட்டில் மகள்களைத் தேடியபோது எனக்கும் இதுதான் மனதில் ஓடியது.

ஒரே குலத்துக்குள் திருமணம் கிடையாது. ஜடேஜா வீட்டுப் பெண்ணை ஜாலாவுக்கோ கோஹிலுக்கோ கொடுக்கலாம், ஜடேஜாவுக்குக் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுக்காத மாதிரி. இது வரைக்கும் சரி. ஆனால் பெண்ணைத் தன்னைவிட உயர்ந்த வீட்டில்தான் கொடுக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார்கள். ஆளும் குலமாக, சுற்று வட்டாரத்தில் நாமே உயர்வு என்று நினைப்பவர்களுக்கு மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்? கிடைத்தாலும் சீர் கொடுத்து மாளாது. மணமாகாத மகளை வீட்டில் வைத்திருப்பது அவமானம். இத்தனை முடிச்சையும் சேர்த்துப் போட்டுவிட்டு, பிறந்த குழந்தையின் தலையில் அதை இறக்கினார்கள். பாலில் மூழ்கடிப்பார்கள். 'பால் குடிக்கச் செய்தல்' என்று அதற்கு ஒரு பேச்சு வழக்கு, குஜராத்தியில் 'தூத் பீதி'. கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பம்பாய் கவர்னர் ஜோனத்தன் டங்கனும், பரோடாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக, அதாவது பிரதிநிதியாக, இருந்த கர்னல் அலெக்சாண்டர் வாக்கரும் இதை நிறுத்த முனைந்தார்கள். 1808-இல் ஜடேஜா தலைவர்களிடம் வாக்கர் எழுதி வாங்கினார்: இனி இந்தப் பழக்கத்தைக் கைவிடுகிறோம், மீறியவனைக் குலத்தை விட்டு விலக்குகிறோம் என்று. அடுத்த ஆண்டு அவர் திரும்பப் போனபோது, சில தகப்பன்மார்கள் பிழைத்த பெண் குழந்தைகளைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் முகாமுக்கே வந்து காட்டினார்கள். இதை வாக்கரே எழுதி அனுப்பியிருக்கிறார். எழுதி வாங்கியதோடு வழக்கம் நின்றுவிடவில்லை. 1830-களில் வில்லோபி என்ற அதிகாரி வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். தண்டம் வசூலித்து, அந்தப் பணத்தைப் பெண்களின் திருமணச் செலவுக்கே திருப்பிக் கொடுத்தார். செலவுதான் காரணம் என்றால் செலவில் கை வைப்பதுதானே முறை? 1870-இல்தான் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது.

பெருமை சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே ஜடேஜா குலத்தில்தான் கோண்டல் அரசர் பகவத்சிங்ஜியும் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1944-இல் இறக்கும் வரை ஆண்ட அவர், தம் சமஸ்தானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கினார். 'பகவத்கோமண்டல்' என்ற ஒன்பது தொகுதி குஜராத்தி அகராதியும் அவர் முயற்சியால் வந்ததுதான். சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்த அரசர். நவாநகர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி 1942-இல், போரில் வீடிழந்து சோவியத் நாட்டில் தவித்த போலந்துக் குழந்தைகளை வரவழைத்து, பாலாச்சடியில் முகாம் கட்டி வளர்த்தார். ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகள். வார்சாவில் அவர் நினைவாக ஒரு சதுக்கம் இருக்கிறது. குழந்தைகளைக் கொன்ற பக்கத்தையும், யாரோ பெற்ற குழந்தைகளை வளர்த்த பக்கத்தையும் சேர்த்துத்தான் அந்தக் குலப் பெயரைப் படிக்கிறேன். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு இன்னொன்றைப் பெருமை பேசுவது எனக்கு ஒப்பாது.

இன்னொன்று. சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது எதற்காக என்பதை நாம் மறக்கவில்லை. இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று சொல்லிவிட்டுப் போகும் தகுதி நமக்குக் கிடையாது.

கேள்வி: நாங்கள் ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். அப்படியானால் ஜடேஜாக்களும் நாங்களும் ஒரே ஊர்க்காரர்களா?
(வாசகர், ஆரணி)

மண் ஒன்றுதான் என்பது உங்கள் சமூகத்தின் நினைவு. ஆனால் காலம் வேறு. உங்கள் முன்னோர்கள் கஜினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கிய பிறகு, அதாவது 1025, 1026-க்குப் பிறகு, சௌராஷ்டிரத்தை விட்டுப் புறப்பட்டார்கள் என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், நீங்கள் கிளம்பியபோது ஜாம்நகர் என்றொரு ஊரே இல்லை. ஜடேஜா என்ற பெயரும் அதற்குப் பின்னால் வந்ததுதான். நீங்கள் போன வழியில் அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

பட்டு நெசவாளர் கூட்டமாக இடம் பெயர்வதற்கு அதைவிடப் பழைய கல்வெட்டுச் சான்றே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில், லாட நாட்டிலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, வந்து குடியேறிய பட்டு நெசவாளர் குழு ஒன்று 5-ஆம் நூற்றாண்டில், குப்தர் காலத்தில், சூரியனுக்குக் கோயில் கட்டியது. பின்னர் அதைப் பழுதும் பார்த்தது. அவர்களில் சிலர் நெசவை விட்டு வேறு தொழிலுக்குப் போனார்கள், சிலர் வில் பிடித்தார்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர்களின் வேரை அவர்களோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது, நெசவாளர்கள் தங்களைப் பற்றிப் பேசும் பெருமிதம். இளமையும் அழகும் இருந்தாலும், பட்டு உடுத்தாத பெண் தன் காதலனைச் சந்திக்கப் போகமாட்டாள் என்று தங்கள் தொழிலைத் தாங்களே மெச்சிக்கொள்கிறார்கள். ஆரணியில் தறி வைத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஜாம்நகருக்குப் போன புதிதில், வாலாஜாபேட்டையில் என் பக்கத்து வீட்டுச் சௌராஷ்டிரத் தோழியிடம் சின்ன வயதில் கற்ற நாலு வார்த்தை கைகொடுக்கும் என்று நம்பினேன். எண்களும் சில உறவுப் பெயர்களும் பிடிபட்டன. மற்றபடி அவள் மொழி தெலுங்கையும் கன்னடத்தையும் தமிழையும் தன்னுள் வாங்கிக்கொண்டு தனி வழி போய்விட்டது. உங்கள் வீட்டுப் பெயர்களையும் கோத்திரத்தையும் எழுதி வையுங்கள். பாரோட் வந்து எழுத மாட்டார்; நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: ஹார்திக் பாண்டியா நம் பாண்டிய மன்னர் வழியா?
(பள்ளி மாணவி, ராணிப்பேட்டை)

இல்லை கண்ணு. அது குஜராத்திப் பிராமணர்களிடம் உள்ள பெயர், 'பண்டிதர்' என்பதிலிருந்து வந்தது. மதுரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: எங்கள் லாங்கு பஜார் பக்கம் அடகுக் கடைக்காரரைச் 'சேட்டு' என்கிறோம். அவர்களும் குஜராத்தி குலப் பெயர் உள்ளவர்கள்தானா?
(வியாபாரி, வேலூர்)

பெரும்பாலும் அவர்கள் ராஜஸ்தான் மார்வாடிகள், ஜைனர்கள். எல்லோரையும் ஒரே 'சேட்டு'க்குள் அடைப்பது நம் பழக்கம். பெரிய வணிகர் என்ற பொருளுள்ள 'சிரேஷ்டி'யிலிருந்து வந்த மரியாதைச் சொல் அது. நம் 'செட்டி'யும் அதன் உறவு என்பார்கள்.

குஜராத்தி வணிகர்களின் பெயர்கள் பெரும்பாலும் தொழிலைச் சொல்லும். ஜவேரி நகை வியாபாரி, கோட்டாரி சரக்கு அறைப் பொறுப்பாளர், பரேக் நாணயம் சோதிப்பவர், மேத்தா கணக்கு எழுதுபவர், மோடியும் காந்தியும் மளிகை வியாபாரிகள். ராஜபுத்திரப் பெயர்கள் வேறு ரகம். முன்னோரையோ ஊரையோ ஒரு சம்பவத்தையோ சொல்லும். வாகேலா என்பது வியாக்ரபள்ளி என்ற ஊரிலிருந்து வந்தது, புலியூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாலாவுக்கு ஒரு கதை சொல்வார்கள். மதம் பிடித்த யானை வர, முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளை அம்மா மாடியிலிருந்தே கையை நீட்டிப் பிடித்துத் தூக்கினாளாம். பிடித்தல் என்பதற்கு அவர்கள் மொழியில் 'ஜால்'. ஒரு தாயின் செயலால் பெயர் பெற்ற குலம் என்பதால் எனக்கு அந்தக் கதை மேல் தனி ஆசை.

கேள்வி: நம் வட ஆற்காட்டில் இதுபோல் குலப் பெயரோடு ஆண்டவர்கள் இல்லையா?
(வாசகர், போளூர்)

போளூரில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! உங்களுக்குப் பக்கத்திலேயே படவேடு இருக்கிறது. சம்புவராயர்களின் தலைநகரம். சோழர் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் பெயருக்கு முன்னால் 'செங்கேணி' என்று வரும்: செங்கேணி அம்மையப்பன், செங்கேணி இன்னார் என்று. ஜடேஜா பெயருக்குப் பின்னால் வருகிறது, செங்கேணி முன்னால் வருகிறது. வேலை ஒன்றுதான்: இந்த ஆள் யாருடைய கூட்டம் என்று சொல்வது. சோழர் தளர்ந்த பின் சம்புவராயர்கள் தனியரசர்களாக இருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணரிடம் தோற்றார்கள்.

1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது உங்கள் பக்கத்துக்குத் 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயரே வேண்டாம் என்று முடிவானபோது அதுவும் போயிற்று. அந்தப் பெயர் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஜாம்நகரில் ஆட்டோ ஓட்டுபவர்கூட ஜாம் ராவல் பெயரைச் சொல்வார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சம்புவராயர் என்று கேட்டால் பதில் சொல்வார்கள்?

குலதெய்வம் மட்டும் இரண்டு பக்கமும் விட்டுப் போகவில்லை. ஜடேஜாக்களுக்கு ஆஷாபுரா மாதா; கட்சில் மாதா நோ மட் என்ற ஊரில் கோயில். நவராத்திரிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே போகிறவர்கள் உண்டு. வழியெல்லாம் பந்தல் போட்டு அவர்களுக்குச் சாப்பாடும் கால் வலிக்கு எண்ணெயும் கொடுப்பார்கள். படவேட்டு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளியில் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாலை புதிதாகத் தோன்றாது.

கேள்வி: காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். மருத்துவமனைக்கு வருகிற குஜராத்திகளின் ஆதாரில் 'ஜடேஜா' முதலில் வருகிறது. எதைப் பெயர், எதை இனிஷியல் என்று எழுதுவது? அவர்களை எப்படிக் கூப்பிடுவது?
(வாசகி, வேலூர்)

நல்ல கேள்வி. அங்கே பள்ளிப் பதிவேட்டிலிருந்தே குலப் பெயரை முதலில் எழுதும் பழக்கம் உண்டு. முதலில் குலப் பெயர், பிறகு சொந்தப் பெயர், கடைசியில் அப்பா பெயர். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியை அந்த முறையில் எழுதினால் 'காந்தி மோகன்தாஸ் கரம்சந்த்'. கல்யாணமான பெண்ணென்றால் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் கணவர் பெயர் வரும், குலப் பெயரும் கணவருடையதாக மாறும். ரவீந்திர ஜடேஜாவின் மனைவி ரிவாபா, குஜராத் சட்டமன்ற உறுப்பினர். பிறந்த வீட்டில் சோலங்கி, இப்போது ஜடேஜா.

இனிஷியல் என்று சுருக்காதீர்கள். நம் ஊரில் எழுத்தாக நிற்கும் அப்பா பெயர் அங்கே முழுசாக நிற்கும். ஆதாரில் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே மூன்றையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரி அட்டையில் ஒரு வரிசை, லாட்ஜ் பில்லில் இன்னொரு வரிசை என்று இருந்தால், ஊருக்குப் போய்ப் பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது அவர்களுக்குத்தான் அலைச்சல்.

கூப்பிடுவதற்கு நடுப்பெயர்தான் சரி. 'சிங்' என்று முடிந்தால் ஆண், 'பா' என்று முடிந்தால் பெண். அந்தப் 'பா'விலேயே அம்மா என்ற மரியாதை இருக்கிறது. ரிவாபா மாதிரி, தனியாக எதையும் சேர்க்க வேண்டாம். மற்றக் குஜராத்திப் பெண்களுக்குப் பெயரோடு 'பென்', ஆண்களுக்கு 'பாய்' சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் நினைவுக்கு வராவிட்டால் வெறும் 'பென்' போதும், அக்கா என்ற மாதிரி. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களிடம் "ஜம்யா?" என்று கேளுங்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். இல்லை என்று சொன்னால், வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கும் மெஸ் எங்கே இருக்கிறது என்று வழி காட்டுங்கள். நிறைய பேர் அதைத் தேடித்தான் அலைவார்கள்.